குழுக்களுக்கும் சொந்தப் பாட்டுக்கும் நடுவே: மேடைக் கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கீபோர்டோ பேஸ் கிட்டாரோ வாசித்துப் பிழைக்கிற ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே குழுவோடு காலம் ஓடுவதில்லை. முகூர்த்த நாளில் கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி, வார இறுதியில் ஹோட்டலில் மூன்று பேர் வாசிப்பு, நண்பர்களோடு சொந்தப் பாடல்களுக்கென்று ஒரு இண்டி பேண்ட், நடுவில் யாராவது இசையமைப்பாளர் கூப்பிட்டால் ஸ்டூடியோ. இத்தனைக்கும் பின்னால், வீட்டுக் கணினியில் பாதி முடிந்து கிடக்கிற தன் பாட்டுகள்.

இப்படி வாழ்கிறவர்களில் திறமை போதாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. தேதியையும் சம்பளத்தையும் பாட்டின் உரிமையையும் பேசி முடிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். கூட வாசிக்கிறவர் நண்பராகவும் இருப்பதால் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சம் கடைசியில் நட்பையும் சேர்த்துக் கெடுப்பதைப் பலமுறை பார்த்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தேதி கொடுப்பது

நல்ல முகூர்த்தம் எல்லாருக்கும் ஒரே நாளில்தான் வரும். தையிலோ வைகாசியிலோ ஆவணியிலோ ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் மூன்று குழுக்காரர்கள் ஒரே தேதிக்கு அழைப்பார்கள். மூவரிடமும் “ஃப்ரீயாத்தான் இருக்கேண்ணே, பாத்துக்கலாம்” என்று சொல்லிவைப்பதுதான் முதல் தவறு. உங்களுக்கு அது நழுவல். கேட்ட அண்ணனுக்கு அது ஒப்புதல். அவர் உங்களை நம்பிப் பாட்டுப் பட்டியலே போட்டிருப்பார்.

எந்தத் தேதி உறுதி, எது இன்னும் பேச்சளவில் இருக்கிறது என்று நாட்காட்டியில் பிரித்து எழுதுங்கள். பேச்சளவில் இருப்பதற்கு ஒரு கெடு வையுங்கள்: “வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்கண்ணே, இல்லன்னா வேற இடத்துக்குக் குடுத்துடுவேன்.” இதற்காகக் கோபப்படுகிற குழுத் தலைவரை நான் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்ட தேதியை, கூடக் கொஞ்சம் பணம் வருகிறது என்று கடைசி வாரத்தில் விட்டுவிடுகிறவரைத்தான் யாரும் மறப்பதில்லை. நகரம் பெரிது, வாசிக்கிறவர்களின் வட்டம் சின்னது.

வேறு வழியில்லாமல் மாற்று ஆள் அனுப்ப வேண்டிவரும். அதில் தவறில்லை. தலைவரிடம் சொல்லாமல் அனுப்புவதும், வருகிறவரிடம் பாட்டுப் பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்புவதும்தான் தவறு. பட்டியல் எதையும் சொல்லாது. அந்தப் பாடகி படத்தில் இருக்கிற சுருதியில் பாடாமல் ஐந்தரைக் கட்டையில் பாடுவார், இரண்டாவது சரணம் வெட்டு, புல்லாங்குழல் ஆள் இல்லாததால் அந்த பி.ஜி.எம். (பின்னணி இசை) கீபோர்டில்தான் வர வேண்டும், முடிப்பு பல்லவியின் முதல் வரியில். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதியோ பேசி அனுப்பியோ வைத்தால் அந்த ஆள் தப்பிப்பார், உங்கள் பெயரும் தப்பிக்கும்.

பயணத்தைக் கணக்கில் எடுக்காமல் தேதி கொடுப்பதும் இதே வகை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது; விழாவுக்கு அரசு விலக்கு தந்தால் நள்ளிரவு வரை போகலாம். அப்படியே 10 மணிக்கு முடிந்தாலும், மதுரையில் வயரைச் சுற்றி, சாப்பிட்டு, வேன் கிளம்பும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். சென்னைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். மறுநாள் காலை 9 மணிக்கு ஸ்டூடியோவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தால் உடம்பு போய்ச் சேரும், விரல் சேராது. உங்களை முதன்முறை அழைத்த இசையமைப்பாளருக்கு அந்த ஒரு வாசிப்புதான் நீங்கள்.

ஆடி வரட்டும் என்று காத்திருப்பது

சொந்தப் பதிவைக் கல்யாணம் இல்லாத மாதங்களுக்குத் தள்ளிவைப்பது ரொம்பப் பேரிடம் இருக்கிற பழக்கம். ஆடியில் கல்யாணம் இல்லைதான். ஆனால் அம்மன் கோயில் திருவிழாக்கள் நிறைய அப்போதுதான். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கிறிஸ்துமஸும் புத்தாண்டு இரவும் இருக்கின்றன. காலியான மாதம் என்று ஒன்று நம் நாட்காட்டியில் கிடையாது.

சீசனுக்குக் காத்திருக்காமல் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளை ஒதுக்குங்கள். கச்சேரி அதிகம் இருக்கிற சனி, ஞாயிறைத் தொடாத நாட்களாக இருக்கட்டும். அந்த நேரத்துக்கு ஒத்திகை கேட்டால், வேறு புரோகிராம் கேட்டால் என்ன பதில் சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள். ஏ.ஆர். ரஹ்மான் 1992-இல் ‘ரோஜா’ வருவதற்கு முன் பல ஆண்டுகள் பிறருக்குக் கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு இசையமைத்தார். வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவை அவர் அமைத்துக்கொண்டதும் அந்த ஆண்டுகளில்தான். எல்லாருக்கும் அப்படி ஒரு ஸ்டூடியோ வாய்க்காது. ஆனால் பிறர் வேலையை விடாமலே தன் வேலைக்கென்று இடமும் நேரமும் ஒதுக்க முடியும் என்பதற்கு அது கண்முன் இருக்கிற சான்று.

கச்சேரி முடிந்த காதோடு மிக்ஸிங்

பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றுசேர்ப்பதுதான் மிக்ஸிங். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். நிறையப் பேர் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை.

மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் காது பஞ்சு வைத்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரு ரீங்காரம் ஓடும். கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. குறிப்பாக மேல் அலைவரிசைகள் மங்கியிருக்கும். அந்தக் காதோடு உட்கார்ந்து பாடகர் குரல் “தெளிவா இல்லையே” என்று ஈக்வலைஸரில் அந்த மேல் அலைவரிசைகளை ஏற்றுவீர்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் ‘ச’வும் ‘ஷ’வும் காதைக் குத்தும். பாட்டைக் குறை சொல்லி என்ன பயன்? கச்சேரி நடந்த இரவிலும் மறுநாள் காலையிலும் மிக்ஸிங் வேண்டாம். எடிட்டிங், கோப்புகளுக்குப் பெயரிடுவது, வரி எழுதுவது மாதிரி காதை அதிகம் நம்பாத வேலைகளை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டைவிடப் பெரிய விஷயம் காதுதான். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கான தேசிய நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். நம் கல்யாண மண்டபங்களில், கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் இருக்கிற இடத்தில், 100 டெசிபலை எட்டுவது பெரிய காரியமே அல்ல. உட்காதிலுள்ள மெல்லிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஒவ்வொருவராக “எனக்கு மானிட்டர்ல ஏத்துங்க” என்று கேட்டுக்கொண்டே போனால் மேடையே சந்தை ஆகிவிடும். உங்களுக்கு வேண்டாத ஒலியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் குறைக்கிற, இசைக்காரர்களுக்கென்றே செய்த காதடைப்பான்கள் கிடைக்கின்றன. அடுத்த பெடல் வாங்கும் முன் அதை வாங்குங்கள். இருபத்தைந்து வயதுப் பையன்கள் காதில் ரீங்காரத்தோடு தூங்கப் போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது எனக்குத் தாங்கவில்லை.

கோப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. படத்துக்கான பதிவு வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிவது என்கிற கணக்கு) நடக்கும். சொந்தப் பாட்டைப் பலர் 44.1-இல் தொடங்கியிருப்பார்கள். மாற்றாமல் அனுப்பி, அங்கே 48 என்று நினைத்து ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிட்டோன் (அரைச் சுரம்) ஏறி, வேகமும் கூடிவிடும். வாசிக்க உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மெட்டு யாருடையது

பேண்ட் ஒத்திகையில் நீங்கள் சும்மா வாசித்த ஒரு கிட்டார் துணுக்கு, பாடகர் அதன்மேல் முனகிய வரி, பேஸ் வாசிப்பவர் மாற்றிய ஒரு கார்டு (chord). மூன்று மாதம் கழித்து அது உங்கள் தனிப்பாட்டில் வருகிறது. அல்லது உங்கள் தனிப்பாட்டு பேண்டின் ஆல்பத்தில் போகிறது. யாரும் திருடவில்லை. யாரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒரு பாட்டில் பல உரிமைகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. வரி எழுதியவருக்கு ஒன்று, மெட்டமைத்தவருக்கு ஒன்று, ஒலிப்பதிவை முன்னெடுத்துப் பொறுப்பேற்றுச் செய்த தயாரிப்பாளருக்கு ஒன்று, வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவில் இடம்பெற்ற தங்கள் படைப்புக்கான ராயல்டிப் பங்கைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டப்படுகிற தாளை இதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

பாட்டு முடிகிற அன்றே வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதி ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டாலும் பரவாயில்லை, ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை ஆரம்பித்தால் ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு கதை இருக்கும். மெட்டமைக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் தங்களுக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகலாம். பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் இஸாம்ரா என்ற சங்கம் இருக்கிறது. சேராமலே ராயல்டி வரவில்லை என்று வருந்துகிறவர்கள் நிறைய.

திரைப்பாடலை கவர் செய்து, அதாவது நாமே பாடிப் பதிந்து, வெளியிடும்போதும் அனுமதி வேண்டும். அதிலும் இணையத்தில் கிடைத்த கரோக்கி ட்ராக்கின் மேல் பாடினால் மெட்டு ஒருவருடையது, ட்ராக் இன்னொருவருடையது. வாசிக்கத் தெரிந்தவர் அதைச் செய்யவே தேவையில்லை.

வெளியிடும் வாரம்

மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்கிற கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிந்த இரவே ஏற்றிவிட வேண்டும் என்கிற அவசரம் புரிகிறது. ஆனால் ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை அனுப்ப, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அது அவர்களிடம் இருக்க வேண்டும். மூன்று, நான்கு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. பாட்டைத் தளங்களில் ஏற்றித் தருகிற விநியோகஸ்தரை மாற்றும்போது, அந்த ஒலிப்பதிவின் அடையாள எண்ணான பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையே கொடுங்கள், இல்லாவிட்டால் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை கைவிட்டுப் போகலாம். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி கணக்கிடுவதில்லை. இந்த மாதம் இந்தப் பாட்டிலிருந்து வாடகை வரும் என்று எந்தக் கச்சேரியையும் விட்டுவிடாதீர்கள்.

பேண்டின் பாட்டு வருகிற வாரத்திலேயே தனிப்பாட்டையும் இறக்குவது கூட வாசிக்கிறவர்களுக்கு நிச்சயம் வலிக்கும். தேதி குறிக்கும் முன் அவர்களிடம் சொல்லுங்கள். அறிவிப்பைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

இன்னொன்று, உங்கள் பாட்டில் வாசித்த நண்பருக்குப் பணம் கொடுங்கள். “நமக்குள்ள என்னடா” என்று அவர் சொல்வார். சின்னத் தொகையானாலும் பதிவு நடந்த அன்றே கொடுங்கள். அவருக்கும் அன்று ஒரு புரோகிராம் போயிருக்கலாம். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேட்டு, பாட்டை ஏற்றும்போதே வாசித்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பிறகு திருத்த விநியோகஸ்தருக்கு அஞ்சல் மேல் அஞ்சல் போட வேண்டியிருக்கும், அதுவும் எல்லாத் தளத்திலும் மாறாது.