டெலோமியரும் மூட்டு நோயும்: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் முட்டிவலிப் பேச்சு வராமல் இருக்காது. இப்போது அதில் டெலோமியரும் சேர்ந்துகொண்டது. அது குட்டையாக இருந்தால் எலும்பும் மூட்டும் சீக்கிரம் தேயும், பரம்பரையாக வரும், ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். இதை நம்பி, வைத்தியம் பார்க்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை.

செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கி இருக்கும் ஒவ்வொரு குரோமோசோமின் நுனியிலும் டிஎன்ஏவின் ஆறெழுத்து வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதுதான் டெலோமியர். சென்னிமலைப் போர்வையின் ஓரத்தில் நூல் பிரியாமல் போட்டிருக்கும் முடிச்சு மாதிரி. செல் பிரியப் பிரிய அது குறையும். ரொம்பக் குறைந்தால் செல் பிரிவதையே நிறுத்திவிடும். டெலோமியர் குரோமோசோமை எப்படிக் காக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009ல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரிய தவறு, எது முந்தி வந்தது என்று கேட்காமல் விடுவது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் உள்ளவர்களின் ரத்த வெள்ளையணுக்களில் டெலோமியர் குட்டையாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் முடக்குவாதத்தில் அழற்சி, அதாவது உள்வீக்கம், அடங்காமல் நீடிக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க வெள்ளையணுக்கள் மறுபடி மறுபடி பிரிகின்றன. அப்போது நோயே டெலோமியரைக் குறைத்திருக்கலாம் அல்லவா? இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்ற முறை. டெலோமியர் நீளத்தோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகள் கருவிலேயே முடிவாகிவிடுகின்றன. பின்னால் வரும் நோய் அவற்றை மாற்ற முடியாது. அதனால் அவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் காரணம் எது, விளைவு எது என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கிலும் எல்லை உண்டு. பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பில் 4.7 லட்சம் பேருக்கு மேல் டெலோமியரை அளந்து 2021ல் வெளியிட்டார்கள். அதில் கிடைத்த மரபணு வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்தும், ஆளுக்கு ஆள் உள்ள நீள வித்தியாசத்தில் சில சதவீதத்தைத்தான் விளக்குகின்றன. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த முடிவை அப்படியே பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் முட்டியில் ஒட்டவைக்கக் கூடாது.

அப்புறம், எல்லா மூட்டுவலியையும் ஒரே நோயாகப் பார்ப்பது. விடியக்காலம் மாடு கறக்க உட்கார்ந்தவருக்கு விரல் மடங்கவே மாட்டேன் என்கிறது, இரண்டு கையும் ஒரே மாதிரி வீங்கியிருக்கிறது, அந்த இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடவில்லை என்றால் முடக்குவாதமா என்று சீக்கிரம் பார்க்க வேண்டும். மூட்டுத் தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நடக்க நடக்கத்தான் வலி கூடும். எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் எலும்புப்புரையோ, எலும்பு முறியும்வரை வலிக்காமலேயே இருக்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. டெலோமியர் தொடர்பையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் அளந்தது முட்டிக்கும் பொருந்தும் என்று நினைப்பது இன்னொரு தவறு. பெரியவர்களின் குருத்தெலும்புச் செல்கள் அபூர்வமாகத்தான் பிரியும். அங்கே டெலோமியர் கெடுவதில் செல்லுக்குள் ஆக்சிஜன் கழிவுகளால் வரும் ஆக்சிஜனேற்றச் சேதத்துக்கும் பெரிய பங்கு உண்டு. தவிர, அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். எலும்பின் நிலை தெரிய வேண்டுமானால் டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. அதில் எலும்பின் அடர்த்தியை இளவயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த எண்தான் முக்கியம். டெலோமியர் சோதனைக்கு வைத்திருக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

நீளமாக இருந்தால் நல்லது என்று 'டெலோமியரை நீட்டும்' மாத்திரை வாங்குவதும் வேண்டாம். மரபுவழியாக நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில புற்றுநோய்களின் வாய்ப்பு கூடுதல் என்று இதே மெண்டலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

டெலோமியர் கோளாறே எலும்பைத் தாக்கும் நோயும் இல்லாமல் இல்லை. டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிடா என்ற அபூர்வப் பரம்பரை நோயில் நகம் சிதையும், வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும், எலும்பு மஜ்ஜை செயலிழக்கும். சிலருக்கு இளவயதிலேயே எலும்புப்புரை வரும், இடுப்பு மூட்டு எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் சாகும். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு டெலோமியர் சோதனை அவசியம்.

கடைசியாக, வீட்டில் எல்லாருக்கும் மூட்டு இறுகினால் உடனே வம்சத்தைக் காரணம் சொல்வது. தருமபுரி, சேலம் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால், பல் வளரும் வயதுக் குழந்தைகளுக்குப் பல்லில் கறை ஏறும். அளவு மிகவும் கூடினால் முதுகும் மூட்டும் இறுகும். மாமியாருக்கும் மருமகளுக்கும் பரம்பரை வேறு, ஆனால் குடிப்பது ஒரே போர்வெல் தண்ணீர். இருவருக்கும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் முதலில் அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள்.