ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கினால் தாமதம் வேண்டாம்

ஆண் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஈனமாகக் கத்துகிறது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறது என்றால், பலரும் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள். முதலில் தட்டைக் கிளறிப் பாருங்கள். மண் காய்ந்தே கிடந்தாலோ, இரண்டு சொட்டு மட்டும், அதுவும் ரத்தம் கலந்து தெரிந்தாலோ, சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். நுண்ணிய படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாமல் தேங்கினால், ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறி இதயத்தைத் தாக்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். வாந்தி, சோர்வு வந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

அடிவயிறு சாத்துக்குடி போல உருண்டு கெட்டியாக இருந்தாலும் அழுத்திப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழியக்கூடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். 500 மி.கி. மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். (குழந்தைகளுக்கான சிரப்பிலும் அதே மருந்துதான்.)

மூடியுள்ள கூடையில் துண்டு விரித்துப் பூனையை வைத்து, நள்ளிரவானாலும் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். போகும் வழியிலேயே தொலைபேசியில் "ஆண் பூனை, சிறுநீர் போகவில்லை" என்று சொல்லிவிடுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.