குளிர்காலத்தில் குழந்தையுடன் வெளியே ஓடுவது எப்படி?

குழந்தையைத் தள்ளுவண்டியில் அமர்த்தி ஓடும்போது உங்கள் உடல் சூடேறிக்கொண்டே இருக்கும். அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தைக்கோ அந்தச் சூடு கிடைக்காது என்பதோடு, வேகத்தால் எழும் எதிர்காற்றும் நேரே அதன் முகத்தில் அறையும். ஆகவே உங்களுக்கு இதமாக இருப்பதை வைத்துக் குழந்தையின் நிலையை ஒருபோதும் கணிக்காதீர்கள்.

உங்களைவிட ஓர் அடுக்கு உடையைக் குழந்தைக்குக் கூடுதலாக அணிவியுங்கள். தோலை ஒட்டிய அடுக்கு மென்கம்பளியாக இருப்பது நல்லது, ஏனெனில் ஈரமான பருத்தி வெப்பத்தைத் தக்கவைக்காது. தடித்த கோட்டின் மேல் பூட்டிய வார்ப்பட்டை தளர்ந்தே நிற்கும் என்பதால், பட்டையை உடலோடு ஒட்டப் பூட்டிய பிறகு போர்வையைப் போர்த்தி, அது சக்கரத்தில் சிக்காதபடி ஓரங்களைச் செருகுங்கள். காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறையின் காற்றுவழிகள் திறந்தே இருக்க வேண்டும்.

பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், குளிர்ந்திருந்தால் வீடு திரும்புங்கள். காதோ மூக்கு நுனியோ வெளுத்திருந்தால், தேய்க்காமல் உடனே கதகதப்பான இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

காற்றையும் சேர்த்து உணரப்படும் குளிர் -28 டிகிரி செல்சியஸை எட்டினால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறையக்கூடும். அதற்கு வெகு முன்பே, உறைநிலையை ஒட்டிய குளிரிலேயே, ஓட்டத்தைச் சுருக்கிக்கொள்வது என் வழக்கம். பனிக்கட்டி படிந்த பாதையில் ஓடாமல், வண்டியை உங்கள் கையோடு பிணைக்கும் மணிக்கட்டு வாரை மாட்டிக்கொண்டு, நடந்தே செல்லுங்கள்.