திருச்சி விமானம் ஏறுமுன் பெட்டியை எப்படிக் கட்டுவது?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 4 மணி நேரம். 2012இல் அனைத்துலக விமான நிலையமான திருச்சி, 2024 ஜூன் 11 முதல் புதிய முனையத்தில் இயங்குகிறது. கோயில் கோபுரச் சாயலில் முகப்பு, உள்ளே தாராளமான இடம். ஆனால் சாங்கிப் பழக்கம் அங்கே செல்லாது. அதை மனத்தில் வைத்துத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

கைப்பைக்கு ஸ்கூட்டில் 10 கிலோ. இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 7 கிலோ. போக ஒன்று, வர ஒன்று என்று டிக்கெட் எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். குறைந்த அளவுக்கே கட்டுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான்.

நகை: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டு வருபவருக்குத்தான் தீர்வையில்லாச் சலுகை, பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம். தங்கக் காசும் கட்டியும் இதில் சேராது. கூடுதலாக இருந்தால் சுங்கச் சோதனையில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்டுங்கள். சொல்லாமல் பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் நகையே பறிபோகலாம்.

விசாவில் போகும் சிங்கப்பூர்க் கடப்பிதழ்காரர்கள் இந்திய மின்வருகை அட்டையைப் புறப்படுமுன்பே இணையத்தில் நிரப்பிவிடுங்கள். இறங்கியபின் வெளியூர்ப் பேருந்து பிடிக்க வேண்டுமா? மத்தியப் பேருந்து நிலையம் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து பெரும்பாலான வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூரிலிருந்தே கிளம்புகின்றன.

திரும்பும் நாள்தான் கவனம் தேவை. முனைய வாசலிலேயே துப்பாக்கியோடு நிற்கும் காவலர் டிக்கெட்டையும் கடப்பிதழையும் பார்த்துத்தான் விடுவார். சாங்கியைப்போல் இல்லை, வழியனுப்ப வந்தவர்கள் வெளியேதான். கவுண்ட்டரில் எடை கூடிப்போனால், எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் அண்ணனோ அம்மாவோ இருக்கமாட்டார்கள்; பணம் கட்ட வேண்டும், இல்லையேல் சாமானை விட வேண்டும். ஆகவே வீட்டிலேயே தொங்குதராசில் நிறுத்து, வரம்புக்கு ஒரு கிலோ குறைவாக வையுங்கள். 3 மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசை மிகுந்ததால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. அம்மா கொடுக்கும் ஊறுகாய், நெய்யைப் பெரிய பெட்டியில் போடுங்கள். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, அதன்மேல் இரண்டு நெகிழிப் பை, நடுவே துணிகள். மூடி தளர்ந்தால் புடவையெல்லாம் எண்ணெய்தான்.

சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி வருகை அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத்துடையதல்ல.