எந்த வாந்திக்கு எந்தக் குளிசை

"மிஸ், வாந்திக்கு ஒரு குளிசைக் காட் குடுங்க" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எதனால வருது?" என்றுதான். ஹட்டன் டவுனில் பாமசி கவுண்டரில் நிற்கிறவள் நான். இதற்குப் பதில் தெரியாமல் எந்தக் குளிசையையும் எடுக்க எனக்குக் கை வராது. பஸ் வாந்தி, கெட்ட சாப்பாட்டு வாந்தி, மசக்கை வாந்தி எல்லாம் வெளியே வரும் வழி ஒன்றுதான். தொடங்கும் இடம்தான் வேறு. அந்த இடத்தைப் பார்த்துத்தான் குளிசை.

மூளையின் அடியில் முகுளம் என்ற பகுதி இருக்கிறது. வாந்தியை நடத்துவது அங்கேயுள்ள நரம்புக் கூட்டம். அதற்கு எங்கிருந்தாவது செய்தி வரவேண்டும். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பின் செய்தி ஹிஸ்டமின், அசெட்டைல்கோலின் என்ற இரசாயனங்கள் வழியாகப் போகிறது. குடல் சுவர் கெட்டது எதையும் கண்டால் செரட்டோனினைச் சுரக்கும். அது வேகஸ் நரம்பைத் தூண்டி மேலே தகவல் அனுப்பும். மூன்றாவது வழி இரத்தம். இரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் நுழையாதபடி இறுக்கமான தடுப்பு உண்டு, ஆனால் முகுளத்தின் ஓர் ஓரத்தில் அது தளர்வாக இருக்கும். கொழுந்து நிறுக்கும்போது கூடையைக் கிளறி முற்றல் இலை தேடும் கணக்கப்பிள்ளை போல, அந்த இடம் இரத்தத்தை ஓயாமல் சோதிக்கிறது. நஞ்சு தட்டுப்பட்டால் பெரும்பாலும் டோபமின் வழியாகச் செய்தி கிளம்பும். இந்த இரசாயனங்கள் போய் ஒட்டவேண்டிய இடத்தைக் குளிசை முந்திப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு வழியை அடைக்கும் குளிசை இன்னொரு வழியில் வரும் வாந்தியை நிறுத்துவதில்லை.

நம்ம பக்கத்தில் அதிகம் கேட்பது பஸ் வாந்திக்குத்தான். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் அவிசாவளை வரை எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் வளைவுகள் வந்ததும் சொப்பிங் பேக் தேடுவார்கள். உடம்பு சுழல்கிறது என்று உட்காது சொல்ல, போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்று சொல்லும். இந்த முரண்பாடுதான் பிரட்டலைக் கிளப்புகிறது. இதற்காகப் பலர் டொம்பெரிடோனைக் கைப்பையில் வைத்திருக்கிறார்கள். அது டோபமினை மறிக்கும் மருந்து; காதின் செய்தி போகும் வழி அதுவல்ல. ஆகவே பஸ்ஸுக்கு அதை நம்ப வேண்டாம்.

பஸ்ஸுக்கு வேண்டியது ஹிஸ்டமினை மறிக்கும் டைமென்ஹைட்ரினேட், சினரிசின், புரோமெத்தசின் போன்றவை. இந்தப் பயன் தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1947இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் தோல் தடிப்புக்காக டைமென்ஹைட்ரினேட் கொடுக்கப்பட்ட ஒரு பெண், ட்ராமில் போகும்போது வழமையாக வரும் குமட்டல் இப்போது வருவதில்லை என்று சொன்னார். டாக்டர்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டார்கள். அதே ஆண்டு இறுதியில் அத்லாந்திக்கைக் கடந்த படையினர் கப்பலில் அந்த மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயாளி சாதாரணமாகச் சொல்வதையும் நின்று கேட்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிசையின் நேரம் முக்கியம். டைமென்ஹைட்ரினேட் என்றால் பஸ் புறப்பட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு, சினரிசின் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு போட வேண்டும். பிரட்டத் தொடங்கிய பிறகு விழுங்கினால் பயன் குறைவு, ஏனென்றால் அந்த நேரத்தில் இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடும். குளிசை குடலுக்குப் போய் இரத்தத்தில் சேராமல் அங்கேயே கிடக்கும். இவை தூக்கம் தரும். வாகனம் ஓட்டுகிறவர் போடவே கூடாது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் புரோமெத்தசின் கொடுக்கக் கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. கண் பிரஷர், புரோஸ்டேட் தொல்லை, நடுக்குவாதம் உள்ள பெரியவர்களுக்கு வாங்க வந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். பஸ்ஸில் முன்பக்க சீட்டில் இருந்து தூரத்து மலையைப் பாருங்கள். அப்போது கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும்.

டொம்பெரிடோன் உதவுவது சாப்பாடு செமிக்காமல் வயிறு ஊதிப் பிரட்டும்போது. இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ளவைக்கும், முகுளத்து ஓரத்தில் டோபமினையும் மறிக்கும். பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன், நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒரு வாரத்தைத் தாண்டவும் வேண்டாம். இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. இருதய நோயாளிகளும், எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், ஃப்ளூகொனசோல் எடுப்பவர்களும் அதைத் தொடக்கூடாது.

மெட்டோக்ளோபிரமைடும் டோபமினைத்தான் மறிக்கிறது, ஆனால் இது மூளைக்குள்ளேயே நுழைந்துவிடும். ஒருநாள் காலை ஓர் அப்பா தன் மகளைத் தாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பிள்ளையின் கழுத்து ஒரு பக்கம் திரும்பி நின்றது, கண் மேலே செருகியிருந்தது, தாடை இறுகிப் பேச்சு வரவில்லை. நினைவு மட்டும் தெளிவு. பயத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பேய் என்று லயத்தில் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் வாந்திக்கு ஊசி போட்டதைக் கேட்டறிந்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இந்த மருந்தால் இளம் வயதினருக்கு இப்படித் தசை இழுப்பது தெரிந்த விடயம், மாற்று ஊசி போட்டால் சிறிது நேரத்தில் விட்டுவிடும். வாந்திக்கு மருந்து எடுத்த ஓரிரு நாளில் கழுத்தோ நாக்கோ இழுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். மருந்துக் காட்டோடு டாக்டரிடம் போங்கள்.

ஒண்டன்செட்ரோன் செரட்டோனினை மறிக்கும். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள், ஏனென்றால் கீமோ மருந்து குடல் சுவரிலிருந்து செரட்டோனினைக் கொட்டவைக்கிறது. ஆனால் திரும்பி வரும் பாதையில் கினிகத்தேனை வளைவை அது தாங்காது. இவர்களுக்கு இரண்டு வழியிலும் வாந்தி வரலாம். பஸ்ஸுக்கும் ஏதாவது சேர்க்கலாமா என்று கிளினிக் டாக்டரிடமே கேட்டு, துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒண்டன்செட்ரோனால் மலச்சிக்கலும் தலையிடியும் வரலாம்.

மசக்கைக்குக் கடையில் கேட்டு வாங்கவே வேண்டாம். 1950களின் கடைசியில் தலிடோமைட் என்ற மருந்தை மசக்கைக்கும் கொடுத்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள். பைரிடொக்சின், டொக்சிலமின் போன்று பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடியவை இன்று இருக்கின்றன. அதை மிட்வைஃப் மிஸ் அல்லது கிளினிக் டாக்டர் சொல்லட்டும்.

வயிற்றோட்டத்தோடு வாந்தி என்றால் முதல் மருந்து ஜீவனி, அதாவது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் பொடி. ஒரு பக்கெட்டை ஒரு லீட்டர் ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மடமடவென்று குடித்தால் திரும்பி வந்துவிடும். 24 மணித்தியாலம் போனால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

சில வாந்திக்கு நான் குளிசை தரமாட்டேன். காய்ச்சல் இறங்கிய பிறகும் வாந்தியும் வயிற்றுவலியும் நின்றபாடில்லை என்றால் டெங்கு மோசமாகிறது என்று நினைக்க வேண்டும். தோட்டத்தில் பூச்சிமருந்தடித்துவிட்டு வந்தவர் வாந்தி எடுத்தால் உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபலோடு கூட்டிப்போங்கள். மலையில் குளவி கொட்டி வாந்தி எடுப்பது உடம்பு முழுக்க ஒவ்வாமை பரவுவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு வேண்டியது அட்ரினலின் ஊசி. அவரை நடக்கவிடாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, கிடைத்த லொறியிலாவது ஏற்றி நேரே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வழியில் என் கடையில் நிறுத்த வேண்டாம்.