கேன்டன் அரங்கத்துக்கு ஒரு வீரரைப் பரிந்துரைப்பது எப்படி?

ஒஹையோ மாநிலத்தின் கேன்டனில் 1963 முதல் இயங்கும், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்கக் கால்பந்துப் புகழ் அரங்கத்துக்கு யாரை வேண்டுமானாலும் ரசிகர்கள் எழுதிப் பரிந்துரைக்கலாம். ஓட்டு மட்டும் தேர்வுக்குழுவுக்குத்தான்.

முதலில் தகுதியைப் பாருங்கள். வீரர் கடைசியாக ஆடி ஐந்து சீசன் கடந்திருக்க வேண்டும். 25 சீசன் தாண்டிவிட்டால் மூத்தோர் பிரிவு. அங்கே போட்டி இன்னும் கடுமை.

கடிதத்தில் புகழ்மாலை வேண்டாம். ஆல்-ப்ரோ (ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியல்) தேர்வுகள், ப்ரோ பௌல் (நட்சத்திர வீரர்களின் ஆட்டம்) தேர்வுகள், பத்தாண்டின் சிறந்த அணியில் இடம் ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கொடுங்கள். ஒரே காலத்தில் அணியில் அதே பொறுப்பில் ஆடியவர்களோடு ஒப்பிடுங்கள். தாக்குதல் வரிசைக் காவலர்களுக்குக் கேட்ச், டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டை எட்டிப் பெறும் புள்ளி) கணக்கு கிடையாது. அவர்கள் யாரைத் தடுத்தார்கள் என்பதே சான்று. களத்துக்கு வெளியே நடந்தது கணக்கில் வராது.

பலரும் தடுக்கி விழுவது கடைசிக் கட்டத்தில்தான். 2025 வகுப்புக்கு (அந்த ஆண்டு சேர்க்கப்படுவோருக்கு) வந்த விதிப்படி இறுதிப் பட்டியலின் 15 வீரர்கள் பத்தாகி, பிறகு ஏழாகக் குறைவார்கள். ஏழில் ஐவருக்குத் தேர்வுக்குழுவின் ஒவ்வொருவரும் ஓட்டுப் போடுவார்கள். 80 சதவீதம் தேவை. குழுவில் 50 பேர் என்று கொள்வோம்: மொத்தம் 250 ஓட்டு, ஒருவருக்கு வேண்டியது 40. சமமாகப் பிரிந்தால் ஆளுக்குச் சுமார் 36தான், ஒருவரும் 80 சதவீதத்தைத் தொடமாட்டார்! அந்த ஆண்டு எல்லாப் பிரிவிலும் சேர்த்து நால்வரே நுழைந்தார்கள். தகுதியுள்ளவர் வெளியே நிற்பது மனதை வருத்தும். ஆனாலும் அடுத்த ஆண்டு மறுபடி எழுதுங்கள், தடையில்லை.