வெள்ளியும் வெள்ளமும் வகுத்த ஊர்: குவானஹுவாத்தோவை நடந்து பார்ப்பது எப்படி

மெக்சிகோவின் நடுப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகலான மலையிடுக்கை நிரப்பிக்கொண்டு நிற்கிறது குவானஹுவாத்தோ. ஸ்பானியர்கள் தாங்கள் ஆண்ட பிற இடங்களில் பெரும்பாலும் நேர்த்தெருக்களைக் கட்டங்கட்டமாக வகுத்தே ஊர் எழுப்பினார்கள். இங்கே மலை அதற்கு இடங்கொடுக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளி கிடைத்ததும், சுரங்க வாயில்களைச் சுற்றியும் ஆற்றின் இரு கரைகளிலும் வாய்த்த இடத்தில் எல்லாம் வீடுகள் எழுந்தன; அவ்வீடுகளுக்கு இடையே மிஞ்சிய சந்துகளே இன்றைய தெருக்கள். ஊரின் பெயருக்கு, மெக்சிகோவின் பழங்குடி மொழிகளில் ஒன்றான பூரேபெச்சாவில் தவளைகளின் இடம் என்று பொருள். வெள்ளி ஊரை வளர்த்தது, வெள்ளம் அதைத் திரும்பத் திரும்ப மாற்றியது என்ற இரண்டையும் மனத்தில் கொண்டு நடந்தால், பார்ப்பவை எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து புரியும்.

வந்து சேர்வது எளிது. சிலாவோ அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வரலாம். மெக்சிகோ நகரத்திலிருந்து பேருந்தில் ஏறினால் சுமார் ஐந்து மணி நேரப் பயணம். தங்குமிடத்தைப் பழைய நகரின் உள்ளேயே தேர்ந்தெடுங்கள், ஆனால் அறையைப் பதிவு செய்வதற்கு முன் வாசல்வரை வண்டி வருமா, எத்தனை படிகள் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல சந்துகளில் பெட்டியைத் தோளில் சுமந்துதான் ஏற முடியும். உயரம் பழகாதவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும். அன்று மெதுவாக நடப்பது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, குறைந்தது இரண்டு முழு நாட்களை ஒதுக்குங்கள்.

முதல் நடையை மண்ணுக்கு அடியில் தொடங்குங்கள். ஊரின் நடுவே ஓடிய ஆறு அடிக்கடி பெருகி வீடுகளை மூழ்கடித்தது. 1905இல் வந்த வெள்ளம் பேரழிவை விளைவித்தது. பின்னர் ஆற்றின் போக்கு திருப்பிவிடப்பட்டது. வறண்ட பழைய ஆற்றுப்படுகை 20ஆம் நூற்றாண்டில் வாகனச் சாலை ஆயிற்று. அதுவே மிகேல் இதால்கோ நிலத்தடித் தெரு. சதுக்கங்களின் ஓரத்தில் இருக்கும் கற்படிகளில் இறங்கினால் அதன் ஒடுங்கிய நடைபாதையை அடையலாம். அங்கே சற்று நின்று மேலே பாருங்கள்: கருத்த கல் வளைவுகள், அவற்றில் சில ஒரு காலத்தில் ஆற்றைக் கடந்த பாலங்கள், வளைவுகளுக்கு மேல் வீடுகளின் அடித்தளம், வானம் தெரியும் இடைவெளிகளில் பூந்தொட்டிகள் வைத்த மாடங்கள். பேருந்துகள் இதற்குள்ளேயே ஓடுகின்றன, நிறுத்தங்களும் உள்ளேயே இருக்கின்றன. கைபேசி வரைபடத்துக்கு மேல்தெருவும் கீழ்த்தெருவும் ஒன்றாகவே தெரியும் என்பதால், அதை உள்ளே வைத்துவிட்டு எந்தப் படியில் ஏறினால் எந்தத் தேவாலயம் எதிர்ப்படும் என்று கவனித்து நடப்பதே வழிதவறாமல் இருக்க உதவும்.

அப்படி ஏறி வெளிவரும் இடங்களில் ஒன்று ஹார்தின் தே லா உனியோன் என்ற பூங்காச் சதுக்கம். முக்கோண வடிவத்தால் உள்ளூர்க்காரர்கள் இதைப் பாலாடைக்கட்டித் துண்டு என்று அழைப்பதுண்டு. இங்கே நிழல் தரும் மரங்களுக்கு இந்திய லாரல் என்று பெயர். உண்மையில் அவை ஆலும் அரசும் சேர்ந்த குடும்பத்து மரங்கள். ஒன்றோடொன்று பின்னிய கிளைகளைத் தட்டையாக வெட்டிக் கூரைபோல் ஆக்கியிருக்கிறார்கள். நடுப்பகல் வெயிலிலும் அடியில் குளிர்ச்சி இருக்கும். எதிரே ஹுவாரஸ் நாடக அரங்கு, 1903இல் திறக்கப்பட்டது. வெளியே கிரேக்கத் தூண்கள், கூரைமேல் கலைத்தேவியரின் சிலைகள். உள்ளே, வட ஆப்பிரிக்க இஸ்லாமியக் கலையைத் தழுவிய மூரிய பாணியில் நுணுக்கமான வண்ண வேலைப்பாடு. வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பாருங்கள்.

அல்ஹோந்திகா தே கிரனாதித்தாஸ் என்ற பழைய தானியக் கிடங்குக்கு அரை நாள் கொடுக்கலாம். 1809இல் கட்டி முடித்த இந்தக் கட்டடம் கோட்டையைப்போல் தடித்த சுவர்களோடு நிற்கிறது. 1810 செப்டம்பர் 28 அன்று, ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த பாதிரியார் மிகேல் இதால்கோவின் விடுதலைப் படை ஊருக்குள் வந்தபோது ஸ்பானிய அதிகாரிகளும் செல்வர்களும் இதற்குள் அடைக்கலம் புகுந்தார்கள். பீப்பிலா என்று அழைக்கப்பட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி, குண்டுகள் படாதபடி கற்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு ஊர்ந்துபோய்க் கதவுக்குத் தீ வைத்தார் என்பது ஊர் போற்றும் வரலாறு. மறு ஆண்டு விடுதலைப் படையின் தலைவர்களான இதால்கோ, அயேந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகிய நால்வரும் கொல்லப்பட்டு, அவர்களின் தலைகள் கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிடப்பட்டன. 1821வரை அவை அங்கேயே இருந்தன. உள்ளே படிக்கட்டுச் சுவர்களில் ஹோசே சாவேஸ் மொராதோ தீட்டிய சுவரோவியங்களுக்கு முன் நிதானமாக நில்லுங்கள். சுவரோவியங்களில் நாட்டம் உள்ளவர்கள், புகழ்பெற்ற மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா 1886இல் பிறந்த வீட்டையும் பார்த்துவிடலாம். அது அருகிலேயே இருக்கிறது.

அல்ஹோந்திகா பக்கத்திலிருந்து நகரப் பேருந்தில் ஏறி வாலென்சியானா மேட்டுக்குப் போங்கள். 18ஆம் நூற்றாண்டில் உலகின் தலைசிறந்த வெள்ளிச் சுரங்க மையமாக குவானஹுவாத்தோ விளங்கியதற்கு இந்த மேடே முதற்காரணம். இங்கே வெட்டிய வெள்ளி நாணயமாகி, அகாபுல்கோ துறைமுகத்தில் கப்பலேறி மணிலா வழியாக ஆசியச் சந்தைகள்வரை சென்றது. சுரங்க உரிமையாளரின் பொருளில் எழுந்து 1788இல் முடிந்த சான் காயெத்தானோ தேவாலயத்தில், தரையிலிருந்து கூரைவரை பொன்தகடு வேய்ந்த மூன்று பலிபீடத் திரைகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பொன்னைப் பார்த்த கண்ணோடு திரும்பிவிடாதீர்கள். அருகில் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் பழைய சுரங்க வாயில்களில் ஒன்றில் தலைக்கவசம் அணிந்து இறங்குங்கள். ஈரமும் வெக்கையும் கலந்த அந்த இருட்டுப் படிகளில்தான் தெனாத்தேரோ என்னும் சுமையாளிகள் தாதுக்கற்களை முதுகில் சுமந்து ஏறினார்கள். முதுகில் கல்லோடு போன பீப்பிலா எங்கிருந்து வந்தவர் என்பது இங்கே இறங்கியவர்களுக்குத் தானாக விளங்கும்.

உணவுக்கு எஞ்சிலாதாஸ் மினேராஸ், அதாவது சுரங்கத் தொழிலாளர் எஞ்சிலாதாவைக் கேளுங்கள். மக்காச்சோள ரொட்டியை உலர்மிளகாய்ச் சாற்றில் தோய்த்து, பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்துச் சுருட்டி, வதக்கிய உருளைக்கிழங்கையும் கேரட்டையும் மேலே பரப்பித் தருவார்கள். கோழி இறைச்சி சேர்ப்பதும் உண்டு என்பதால், சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1910இல் திறக்கப்பட்ட இரும்புக் கூரை கொண்ட இதால்கோ சந்தையில் சாப்பிட்டால் செலவும் குறைவு.

விளம்பரங்களில் பெரிதாகத் தெரியும் மம்மி அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு சொல். அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவர்கள் இவ்வூரின் சாதாரண மக்கள். கல்லறைக்கான கட்டணத்தைக் குடும்பத்தார் தொடர்ந்து செலுத்த இயலாததால் தோண்டி எடுக்கப்பட்டு, வறண்ட சூழலால் உடல் அழியாமல் இருந்தவர்கள். போவதானால் இறந்தவர் வீட்டுக்குள் நுழைவதுபோல் போங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிரெதிர் மாடங்கள் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும் முத்தச் சந்துக்கு ஐந்து நிமிடம் போதும். வரிசை நீளுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பயணத்தை அக்டோபரில் வைத்தால் 1972 முதல் நடந்துவரும் செர்வாந்தினோ கலைவிழாவைக் காணலாம். அறைகளுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும். மற்ற மாதங்களில், மாலையில் நாடக அரங்கின் பின்புறத்திலிருந்து இழுவை ரயிலில் பீப்பிலா சிலை நிற்கும் குன்றுக்கு ஏறுங்கள். மஞ்சள் நிறப் பெருங்கோவிலும் பல்கலைக்கழகத்தின் வெளிர்க்கல் முகப்பும் எங்கே என்று கண்டுகொண்டு, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்வரை அங்கேயே இருங்கள். பிறகு சந்துப்படிகளில் நடந்தே இறங்கினால், பழைய ஸ்பானிய மாணவர் உடையில் பாடிக்கொண்டு கூட்டத்தை அழைத்துச் செல்லும் எஸ்துதியாந்தீனா குழுவினர் சான் தியேகோ தேவாலயத்தின் படிகளில் கூடும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்வீர்கள்.